குடைக்கு மீசை வந்த கதை

அந்தச் சிறுமிக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் வானொலி. வயது பதினொன்று. வாயை மூடினால் உலகமே நின்றுவிடும் என்பதுபோல ஓயாமல் பேசுவாள்.

"இந்த வானொலியை அணைக்க ஒரு பொத்தான் வைக்காம விட்டுட்டாரே கடவுள்!" என்று அம்மா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

அம்மா ஒரு சிறிய நூலகத்தின் நூலகர். அங்கிருந்த ஒரே கணினியில் ஒரு விக்கி இருந்தது. விக்கி என்றால் பலர் சேர்ந்து எழுதும் தளம். நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் அதில் கதை எழுதுவார்கள், படம் சேர்ப்பார்கள்.

வானொலியின் தோழிக்கும் அதில் ஒரு கதை உண்டு. ஊர் சுற்றப் போன குடையின் கதை. தோழிக்குக் கண்பார்வை மிகவும் குறைவு, திரையில் எழுத்துகள் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது வானொலிதான். படித்துக் காட்டுவதும் அவள்தான்.

"நீ படிச்சா நடுநடுவே வாய்க்கு வந்ததையும் சேர்த்துடறே. என் கதையை ஒரு தடவையாவது நானே தனியா கேக்கணும்" என்று போன வாரம் தோழி சொன்னாள்.

அது வானொலியின் மனத்தில் தைத்துவிட்டது. பக்கங்களை உரக்கப் படிக்கும் ப்ளகின் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். ப்ளகின் என்பது விக்கிக்குப் புதிய வேலையைக் கற்றுத்தரும் குட்டி நிரல். அம்மா அதை இறக்கி, விக்கியின் ஃபோல்டர்களுக்கு நடுவே வைத்திருந்தார்.

சனிக்கிழமை, மணி மூன்று. நான்கு மணிக்குத் தோழி வருவாள். பேருந்து ஓட்டுநரான அவள் அப்பா வாரத்துக்கு ஒரு நாள்தான் அவளை நூலகத்தில் விட்டுப் போவார்.

வானொலி 'நிறுவு' என்ற பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எழுத்துகள் வந்தன: 'இந்த ஃபோல்டரில் எழுத விக்கிக்கு அனுமதி இல்லை.'

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே சிவப்பு.

"அம்மா, இது அடம் பிடிக்குது!"

"அண்ணனுக்குப் போன் போடு. என் கையெல்லாம் பசை" என்றார், புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த அம்மா.

அண்ணன் கல்லூரியில் கணினி படிப்பவன். "இது ஒரு விஷயமா? யார் வேணும்னாலும் எழுதலாம், அழிக்கலாம்னு ஃபோல்டரைத் திறந்து விட்டுடு. ரெண்டு நிமிஷ வேலை."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

அண்ணன் இருமினான்.

போன மாதம் படங்கள் இருந்த ஃபோல்டரை அப்படித்தான் திறந்து விட்டார்கள். விளையாட உட்கார்ந்த ஒரு குட்டிப் பையன் எதையோ தட்ட, நாற்பது படங்கள் காணாமல் போயின. பாவம், விக்கி விக்கி அழுதான். "தப்பு உன்மேல இல்லடா. திறந்து போட்டது நான்" என்று அவன் கண்ணைத் துடைத்தவள் வானொலிதான்.

"மறுபடியும் ஒருத்தன் அழ வேண்டாம். நானே பார்த்துக்கறேன்" என்று போனை வைத்தாள்.

ஃபோல்டர்களின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யாருடையது என்று எழுதியிருந்தது. விக்கி, விக்கி, விக்கி என்று வரிசையாக வந்து, கடைசியில் மட்டும் 'நூலகர்' என்று இருந்தது.

"அம்மா, ப்ளகின் உன் பேர்ல இருக்கு!"

"நான்தானே கொண்டுவந்து வெச்சேன்?"

"அதான் சங்கதியே! நீ வெச்சதால உன் சொத்தாயிடுச்சு. விக்கியால பார்க்க முடியும், எழுத முடியாது. அதை மட்டும் விக்கி பேருக்கு மாத்திக் குடும்மா. வேற எதையும் திறக்க வேண்டாம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் கடவுச்சொல்லைத் தட்டும்போது வானொலி தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது ப்ளகின் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. 'படி' என்ற பொத்தானை அழுத்தினாள்.

சத்தமே இல்லை. 'ஒலி என்ற ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை.'

மணி மூன்றே முக்கால். வானொலி ப்ளகினின் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெளியில மட்டும் மாத்தியிருக்கோம்! உள்ளே இருக்கற ஒலி ஃபோல்டரெல்லாம் இன்னும் உன் பேர்லதான் இருக்கு!"

"அட, கடவுளே!" அம்மா இந்த முறை உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து மாற்றினார்.

'ஒரு ஊரில் ஒரு குடை இருந்தது' என்று ஜலதோஷம் பிடித்த குரலில் கணினி படிக்கத் தொடங்கியது. வானொலி குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது.

நான்கு மணிக்குத் தோழி வந்தாள். அவள் காதில் ஹெட்போனை மாட்டி, விரலைப் பிடித்துப் பொத்தானைக் காட்டினாள் வானொலி. தோழியின் முகம் மெல்ல மலர்ந்தது. திடீரென்று புருவம் சுருங்கியது.

"குடைக்கு மீசையா? நான் மீசையே சொல்லலியே!"

வானொலிக்கு வியர்த்தது. "அது... எழுதும்போது நல்லா இருக்கும்னு தோணிச்சு..."

"என் கதையில எழுத உனக்கு யாரு அனுமதி குடுத்தது?"

அம்மா ஒரு புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"தப்புதான். இப்பவே எடுத்துடறேன்."

தோழி கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம், மீசை இருக்கட்டும். குடைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா இனிமே என்னைக் கேட்டுட்டு எழுது. இப்ப பேசாம இரு, குடை பேருந்துல ஏறப் போகுது."

கதை முடியும்வரை, முழுசாகப் பதினெட்டு நிமிடம், வானொலி வாயே திறக்கவில்லை.