நல்ல மாட்டுக்கு ஒரு சூடு

மடுல்கெல்லக் காப்பித் தோட்டங்களில் பெருவியாதி என்கிற குஷ்டத்துக்கு அஞ்சாத ஒரே ஜீவன் மருந்துக்காரர் பழனியாண்டி. இதை அவரே சொல்லியிருக்கிறார்; பொய்யாக இருக்க வழியில்லை. ஏழு வருஷமாக நோயாளிகளை வெறுங்கையால் தொட்டுக் கட்டுப்போட்டவர். நோய் கண்டவர்களைத் துரைக்குச் சொல்லி, ஓடைக்கு அப்பால் ஒதுக்குக் குடிசைக்கு அனுப்புவதும் அவரே. போனவர் யாரும் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பியதில்லை.

லயத்து ஜனங்களோ வெள்ளிக்கிழமைதோறும் அடுப்புக் கங்கை எடுத்துக் காலில் வைத்து, நோய் கண்டு மரத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுள்ளென்றால் சாமிக்குச் சூடம்.

"நல்ல மாட்டுக்கு ஒரு சூடு போதும்பாக. ஒங்களுக்கு வாராவாரமா?" என்று பழனியாண்டி சிரிப்பார்.

ஒரு மழைப் பிற்பகலில் ஒதுக்குக் குடிசையில் மூக்காயியின் அருகே குந்தியிருந்தார். அவளுக்குப் பதினாறு வயது. பாதங்களில் பெருவியாதி, போதாததற்கு மாத்தளைப் பாதையில் நடந்து வந்தபோது பிடித்த, விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல். குளிர் எடுத்தால் நெருப்போடு ஒட்டிக்கொள்வாள். போன தடவை இரண்டு விரல் கருகியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் காவல்.

கூரையில் மழை ஓயாமல் இரைய, தூரத்தில் காப்பிப் பழம் உரிக்கும் யந்திரம் யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல் அரைத்துக்கொண்டிருக்க, புளித்த காப்பித் தோலின் நாற்றத்தைச் சுமந்துகொண்டு பனி வாசல்வழி நுழைந்து நெருப்பைச் சுற்றி நின்றது. அந்த நாற்றத்துக்கு அடியில் இன்னொன்று. தோல் பொசுங்கும் வாசனை.

"காலை இழு, புள்ள!"

"இழுத்துத்தாண்ணே வச்சிருக்கேன்." அவள் பற்கள் கிடுகிடுத்தன.

கம்பளியை உருவினார். பழைய புண்கள். புதிதாக எதுவுமில்லை. கைகளைப் பார்த்தார். முடியைப் பார்த்தார். இல்லை.

வாசனை கூடியது.

அவள் நடுக்கம் நின்றிருந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே. ஒங்க காலு."

இடது குதிகாலுக்கு அடியிலிருந்து புகை. தூக்கினார். கங்கும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

"நடந்து நடந்து காய்ச்சுப்போன தோலு," என்றார். "யாருக்குத்தான் சுடும்?"

"நா யாருகிட்டயும் சொல்லமாட்டேண்ணே."

சொல்லிவிட்டு, பாயில் இன்னோர் ஆள் படுக்க இடம் விட்டு, சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

மழை. யந்திரம்.

பழனியாண்டி இடுக்கியால் வேறொரு கங்கை எடுத்தார். தன் கெண்டைக்காலின் மென்மையான சதையில் வைத்தார். காத்திருந்தார்.

வாசனை மட்டும் வந்தது.

கொஞ்சம் மேலே வைத்தார்.

இன்னும் கொஞ்சம் மேலே.