குருசாமி போட்ட தண்டவாளம்

கஞ்சிக்கோட்டைத் தாண்டி எலப்புள்ளிப் பக்கம் திரும்பியதுமே பரீது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை அன்றைக்குத் தாழ இறங்கியிருந்தது. தென்னை ஓலை, மதில், காயப்போட்ட துணி எல்லாவற்றின் மேலும் துருநிறத்தில் தூசி. ஆனாலும் அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். பழைய இரும்புக் கடை ஜோஸ் போனில் சொன்ன செய்தி அப்படி.

"பாய், வீட்டுல ஒரு முறி முழுக்கக் குட்டி ரயிலு. நம்ம கஞ்சிக்கோடு அப்படியே உண்டு. தண்டவாளம் பாக்கற ஒரு கேங்மேன், செத்துப்போனவன், செஞ்சது. வேகம் போய்ப் பாருங்க."

பாலக்காட்டில் பெட்டியும் பையும் விற்கிற பரீதுக்கு, ஐம்பது வயது தாண்டியும் விடாத ஒரே பித்து குட்டி ரயில்கள்தான். மாடியில் அதற்கென்றே ஓர் அறை. இந்தப் பித்து பிடித்த இடமும் கஞ்சிக்கோடுதான். அவருடைய வாப்பா அங்கே ஒரு ஆலையில் சுமடு தூக்கினார். சோற்றுப் பாத்திரத்தோடு போகிற பரீது, ஆலைக்குள் வளைந்து நுழைகிற தனித் தண்டவாளத்தின் ஓரம் நின்று, கழிவு இரும்பு ஏற்றிய வேகன்கள் ஒன்றையொன்று முட்டுகிற சத்தத்தில் பசியை மறந்துவிடுவார். அந்த ஆலையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே கருவேலம் புதர். அதை யாரோ ஒருவர் மறுபடி செய்துவைத்திருக்கிறார் என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

வீடு ரயில் பாதையை ஒட்டியே இருந்தது. கதவைத் திறந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். செத்துப்போன குருசாமியின் மருமகள், முருகேஸ்வரி.

"வாங்க பாய். ஜோஸ் சேட்டன் சொன்னாருங்க. மாமா செஞ்சது அந்த ரூம்புல இருக்குதுங்க. பூராத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. ஒரு துண்டுகூட இங்க இருக்க வேண்டாமுங்க."

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

"பாக்கறதுக்கென்னங்க. எடுத்துட்டுப் போனாப் போதும்."

உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டவர் இருமுகிற இருமல். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, சாவியை அவர் கையில் வைத்தாள். பக்கத்து அறையைக் கை காட்டினாளே தவிர, கூட வரவில்லை.

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்.

செத்த எலியின் நாற்றம் அல்ல. அழுக்குத் தலையணையும் கெட்டுப்போன பல்லும் சேர்ந்தால் ஒரு வாடை வருமே, அது. மூடிய அறைக்குள் வெதுவெதுப்பாக, ஒருவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தாற்போல் வந்து மோதியது. பரீது கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

வெளிச்சம் விழுந்ததும் நாற்றம் மறந்துபோயிற்று.

அறை முழுக்கப் பலகை. கருகிப்போன ஒரு மூலை தவிர, பலகை முழுக்கக் கஞ்சிக்கோடு. வாளையாற்றுக் காட்டிலிருந்து இறங்குகிற இரட்டைப் பாதை, கேட், ஆலைப் புகைபோக்கிகள், லாரிகள் நிற்கிற மைதானம். அதோ, வாப்பா வேலை பார்த்த ஆலை. அதற்குள் வளைந்து நுழைகிற அந்தத் தனித் தண்டவாளம். வளைவில் நின்ற புங்கமரம்கூட இருந்தது. பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ ரயில்களைப் பார்த்தவர், இப்படி ஒரு கைவேலையைப் பார்த்ததில்லை. குனிந்து, குழந்தையின் தலையைத் தடவுவதுபோல், பாதையோரத்துப் புல்லைத் தடவினார்.

விரலில் பிசுபிசுத்தது.

புல் தென்னை நாராக இருக்கும் என்று நினைத்திருந்தார். வெளிச்சத்தில் விரலைப் பார்த்தார். மயிர். கறுப்பும் நரையும் கலந்த, எண்ணெய் ஊறிய தலைமயிர். பொட்டுப் பொட்டாக வெள்ளையாய் ஏதோ. பேன் ஈறு.

அவர் கையை வேட்டியில் தேய்த்தார். தேய்த்த இடத்தைப் பார்த்து இன்னும் அருவருப்பு வந்தது. சவுரிமுடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆலை மதிலைப் பார்த்தார். மதிலின் மேலே மஞ்சளாக, பிறை பிறையாக, வரிசையாக நட்டிருந்தவை நகங்கள். சிலவற்றில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை.

பிறகுதான் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருந்த ஜல்லியைப் பார்த்தார்.

வெள்ளையும் பழுப்புமாக, நெருக்கமாக.

ஒன்றின் சொத்தையில் வெள்ளி அடைத்திருந்தது.

பரீது வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காலையில் தின்றதெல்லாம் செம்பருத்திச் செடியின் அடியில் போயிற்று. முருகேஸ்வரி ஒரு செம்புத் தண்ணீரோடு முன்பே அங்கே வந்து நின்றாள். எல்லாருக்கும் இதுதான் நடக்கும் என்று தெரிந்தவள்போல.

"உன் மாமனார் என்ன மனுசன்மா? அதெல்லாம் யாரோடது?"

"ரயில்ல அடிபட்டவியளோடதுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "தண்டவாளத்துல ஆரு உழுந்தாலும் மாமாவத்தான் கூப்புடுவாங்க. சாக்குல அள்ளறது அவரு வேலைங்க. வாரப்ப மடியில தீப்பெட்டி இருக்கும். என்ன மாமான்னு கேட்டா, 'சாமான் புள்ளே'ன்னு சொல்லுவாரு. ராத்திரியும் பகலும் அந்த ரூம்புலதான். சோறு கொண்டுட்டுப் போனா அதே கையில பெசஞ்சு தின்பாருங்க."

பரீதுக்கு அருவருப்பு வந்தது. அந்த ஆளின் மேல் மட்டுமல்ல. பல் என்று தெரிந்த அந்த நொடியிலும், 'என்னமாய் அடுக்கியிருக்கிறான்' என்று தன் மனசு மெச்சியதே, அதன் மேலும்.

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"போடப் பாத்தோமுங்களே. எங்கூட்டுக்காரரு ஒரு மூலைய எரிச்சுப்போட்டாருங்க, அன்னிக்குப் புடிச்சதுங்க இது. வாங்க, பாருங்க."

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் மாரீஸ்வரன் ஒருக்களித்துக் கிடந்தான். ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவன் என்று சொன்னால் நம்ப முடியாது, எலும்பும் தோலுமாகியிருந்தான். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இருமினான். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, எதையோ பிடித்து, மெல்ல இழுத்தான். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நீளமான பெண்பிள்ளை மயிர். கோழையில் நனைந்து, வாளியின் விளிம்பில் பாம்புபோல் சரிந்து உள்ளே போயிற்று.

வாளியில் பாதிக்குமேல் அதுதான்.

"ஆசுபத்திரில குழாய் உட்டுப் பாத்தாங்க. உள்ள ஒண்ணுமில்லைன்னுட்டாங்க," என்றாள் முருகேஸ்வரி. "சோறு எறங்கறதில்லைங்க. இன்னும் எத்தன நாளைக்குங்க பாய் தாங்குவாரு?"

அப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. தரை அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. பக்கத்து அறையில் அந்த ஜல்லி கடகடவென்று ஆடுகிற சத்தம், கூட்டமாக மனிதர்கள் குளிரில் பல்லடிப்பதுபோல் கேட்டது. பரீது காதைப் பொத்திக்கொண்டார். வண்டி நீளமானது. கடைசிப் பெட்டியும் போயிற்று. தரை அடங்கியது. காலண்டர் நின்றது.

பல் சத்தம் நிற்கவில்லை.

மூவரும் அசையாமல் கேட்டார்கள்.

"இப்படித்தானுங்க," என்று முருகேஸ்வரி கிசுகிசுத்தாள். "ஒவ்வொரு வண்டிக்கும்."

காரில் ஏறிப் போய்விடலாம் என்றுதான் பரீது நினைத்தார். சாவியைக்கூட எடுத்துவிட்டார். வாயோரம் ஒரு மயிர் தொங்க, மாரீஸ்வரன் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

"எரிக்கக்கூடாதும்மா. யாருக்கும் அடக்கமே முழுசா ஆகலை. மிச்சத்தையும் அடக்கம் பண்ணணும். போலீசுக்குச் சொல்றியா?"

"இவர இந்த நெலமையில வெச்சுட்டு எந்த ஸ்டேசனுக்குன்னுங்க நானு அலையறது? அதுவுமில்லாம அவிய எந்தச் சாதியோ, எந்த மதமோ..."

"அதைக் கேட்டுட்டு நின்னா இன்னிக்கு முடியாது. மண்வெட்டி இருக்கா? வெள்ளைத்துணி இருக்கா?"

இருந்தது. பரீது கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் திரும்பப் போனார். முருகேஸ்வரியும் வந்தாள். மயிரைப் பிடுங்கினால் வெறும் பசையாக வராமல், அடியில் தோல் துணுக்கு காய்ந்த பப்படம்போல் உரிந்து வந்தது. நகத்தை நெம்பினால் தெறித்து முகத்தில் அடித்தது. பற்களைக் கையால்தான் அள்ள வேண்டியிருந்தது. சிலவற்றின் வேர் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் இரண்டு தடவை வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தார். அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. அழுதுகொண்டே அள்ளினாள். மருதாணி நகம் ஒன்று கிடைத்தபோது மட்டும் கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அள்ள அள்ள அவர் சின்ன வயதில் பார்த்த கஞ்சிக்கோடு கலைந்துபோயிற்று. கேட் போயிற்று. புங்கமரம் போயிற்று. வாப்பாவின் ஆலை வெறும் அட்டைப் பெட்டியாக நின்றது. பித்தளையில் செய்த ரயில் என்ஜின் ஒன்று பளபளவென்று மிஞ்சியிருந்தது. எடுத்துக்கொள்ளலாம், அதில் யாருடைய உடம்பும் இல்லை. அவர் அதைத் தொடவில்லை.

கிணற்றுத் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவி, வெள்ளைத்துணியில் சுற்றி, தோட்டத்து மாமரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். வாளியில் இருந்ததையும் கொண்டுவந்து போட்டார்கள். பரீது தனக்குத் தெரிந்ததை ஓதினார். முருகேஸ்வரி கற்பூரம் கொளுத்திவைத்தாள். புதைத்து முடிக்கும்போது ஒரு பாசஞ்சர் வண்டி போயிற்று. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளேயிருந்து மாரீஸ்வரன் கூப்பிட்டான். "முருகேசு... கொஞ்சம் கஞ்சித்தண்ணி குடு."

அவள் ஓடினாள். அவன் ஒரு டம்ளர் குடித்தான். இறங்கிற்று. இன்னொன்று கேட்டான். அவள் சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பரீது சொல்லிக்கொள்ளாமலே காரை எடுத்தார்.

பாலக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசல் குழாயிலேயே முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். நகத்தடியில் நாற்றம் போகவில்லை. மறுபடி தேய்த்தார். தோல் எரிந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது.

மனைவி ஹஸ்னா துண்டோடு வந்தாள்.

"ஏங்க, எங்க போயிட்டீங்க? உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்காரு."

"யாரு?"

"வயசானவர். காக்கிச் சட்டை. ரயில்வேல இருந்தவராம். எலப்புள்ளியாம். அங்கே இனி எனக்கு ஒண்ணுமில்லைம்மா, பாயோட ரயிலைப் பார்த்துட்டு இருக்கேன்னாரு. மாடியில உக்காத்தி வச்சிருக்கேன்."

பரீது குழாயை மூடினார்.

"ஆனா என்ன மனுசனுங்க அது." ஹஸ்னா முகத்தைச் சுளித்தாள். "டீ வேண்டாமாம். சீப்புல சிக்கின முடி இருந்தாக் குடும்மான்னு கேக்கறாரு. சீ! எனக்கு உடம்பே கூசிப்போச்சு."

"குடுத்தியா?"

"நான் குடுப்பேனா? கீழ வந்து பாக்கறேன், சீப்பைக் காணோம்."

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். விளக்குப் போடாத அறை. உள்ளே அவருடைய ரயில் மெதுவாக ஓடுகிற சத்தம். அது நின்றது. இன்னொரு சத்தம் தொடங்கியது.

யாரோ நிதானமாக, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு, எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.