கலைக்கிற மெட்டு

அலமாரியின் மேலிருந்த அப்பாவின் பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை, குழாயும் அந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் பூட்டின் ஓட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கித் தரையில் சேற்று நிறத்தில் தேங்கியிருந்தது. துடைத்தாள். மறுபடியும் கசிந்தது.

"செத்தும் உயிரை வாங்குறார் மனுஷன்" என்று பல்லைக் கடித்தாள்.

அப்பா பட்டாளத்தில் பியூகிள் என்ற பித்தளைக் கொம்பு ஊதியவர். போருக்குப் போன கூட்டத்தில் அவர் ஒருவர்தான் திரும்பினார், இந்தப் பெட்டியோடு. அம்மா சாகக் கிடந்தபோதுகூட இதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அதை அவள் மன்னிக்கவே இல்லை. வீட்டையும் பட்டாளமாகத்தான் நடத்தினார். உதட்டை அதிரவைத்து ஒரு மெட்டுப் போட்டால் சாப்பிட ஓடிவந்து வரிசையாக உட்கார வேண்டும். முடிந்ததும் இன்னொரு மெட்டு, சின்னது. அதைக் கேட்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

"கூட்டினா கலைக்கணும். நான் அன்னைக்குப் போர்க்களத்துல கூட்டினேன், கலைக்கல. இன்னும் நிக்கிறாங்க" என்பார். அவள் வீம்புக்கென்றே பாதியில் எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவாள்.

இப்போது அவளுடைய ஒரே மகனும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். எல்லாம் தாத்தா ஏற்றிவிட்ட பித்து.

"நாளைக்குக் கிளம்புறேன்மா. இந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போறேன்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பெட்டியை இழுத்துப் போட்டு, திருப்புளியால் பூட்டை நெம்பினாள். துருவும் ஈரமண்ணும், நெடுநாள் மூடிக் கிடந்த வாயின் நாற்றமும் குப்பென்று முகத்தில் அடித்தன. பியூகிளின் வாயில் காக்கித் துணி இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. பிடுங்கி எறிந்தாள்.

"இதுக்குத்தானே ஆசை? வா, வந்து வரிசையில நில்லு!"

சாப்பாட்டு மெட்டை, இருந்த ஆத்திரமெல்லாம் மூச்சாகச் சேர்த்து ஊதினாள்.

தெருவில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் சட்டென்று அடங்கின. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் மழை பிடித்ததுபோல ஒரு சத்தம் எழுந்து, தெருமுனை திரும்பி, மெல்ல மெல்ல ஒரே தாளத்துக்கு வந்து நெருங்கியது. மழை இல்லை. கால்கள். ஈரமான கனத்த பூட்ஸ் கால்கள்.

வாசலில் நின்றன.

ஜன்னலுக்கு வெளியே, முற்றம் நிறைய வரிசைகள். சேறு பூசிய முகங்கள். முகமே இல்லாதவையும் இருந்தன. முன்வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

மகன் கதவைத் திறந்தான்.

"எங்கடா போற? டேய்!"

திரும்பவில்லை. சட்டையைப் பிடித்தாள். தொப்பலாக நனைந்திருந்தது. கையில் சேறு ஒட்டியது. அவன் நழுவிப்போய் அந்த இடத்தில் நின்றான்.

பியூகிளை மறுபடி உதட்டில் வைத்தாள். கலைக்கணும். அந்தச் சின்ன மெட்டு. எப்படித் தொடங்கும்? எவ்வளவு யோசித்தும், காதைப் பொத்திய தன் கைகளின் இரைச்சல்தான் கேட்டது.

"சொல்லித் தொலையேன்யா!" என்று செத்த அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

முற்றத்தில் அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். முன்வரிசையில் அவள் மகன், மோவாயில் சேற்றுத் தண்ணீர் சொட்ட, இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.