புரட்டும் அட்டை

நாலரை மணிக்குப் பெரியவர் தம்பி வீட்டு வாசலில் இறங்கியபோது வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு செருப்புகூடக் கூடுதலாக இல்லை. தான் வரும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று தம்பி மனைவிக்குப் போனிலேயே உத்தரவு போட்டிருந்தார்.

கதவைத் தாண்டியதும் அந்த நாற்றம் எதிரே வந்து நின்றது. பினாயிலும் ஊதுவத்தியும் மேலே பூசியிருந்தும், அடியில் அழுகின பழத்தின் இனிப்பு. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டார். பதினான்கு மாதத்தில் மூன்று முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் இதே கைக்குட்டையோடு அறை வாசலிலேயே நின்று திரும்பியவர்.

தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. முதுகுப் புண்ணில் எலும்பு தெரிகிறது என்று கேள்வி. போன முறை வந்தபோது அவன் மெல்லக் கூப்பிட்டான்.

“அண்ணா, என்னை முடிச்சு விட்டுடு. இவகிட்ட கேக்க வச்சிடாதே.”

நம் குடும்பத்தில் அப்படியொரு பேச்சே எழக்கூடாது என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து இரண்டு முறை வாய் கொப்பளித்தார் பெரியவர்.

இப்போது தம்பி மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“நான்தான் மாமா. ஒரு மணிக்கு. இனிமே என்னைப் புரட்டாதேன்னு கேட்டார். அதான்.”

பெரியவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவள் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொன்னாள். தலைகூட வாரியிருந்தாள்.

“என்ன தண்டனையோ குடுக்கட்டும். யாராவது இதுக்கு ஒரு பேர் வைக்கணும் மாமா. கொலைன்னோ, வேற என்னவோன்னோ.”

“நம்ம வீட்டுப் பேர் பேப்பர்ல வரணுமா? தண்டனைதானே வேணும்? வாயை மூடிட்டு இரு. அதுவே போதும்.”

தெருமுனை டாக்டர் வந்தார். போர்வையைத் தொடாமல், வாசலில் நின்றபடியே இயற்கை மரணம் என்று எழுதினார். இவ்வளவு காலம் வைத்துப் பார்த்த குடும்பத்துக்குத்தான் மாலை போட வேண்டும் என்று பல்லைக் காட்டினார். தகவல் தந்தவர் என்ற இடத்தில் பெரியவர் கையெழுத்திட்டார். முப்பத்தாறு வருடம் பத்திரப் பதிவாளராக இருந்தவர். தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவர் பெருமை. அன்று போட்டார்.

பிறகுதான் தம்பியின் அறைச் சுவரில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. புண் பெருகாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உடம்பைப் புரட்டி, நேரமும் பக்கமும் எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போடும் அட்டை. மதியம் 12, நேர். 2, வலது. 4, இடது.

“ஒரு மணிக்கே போயிட்டான்ங்கறே. அப்புறம் எதுக்குப் புரட்டினே?”

“பழக்கம் மாமா. ரெண்டு அடிச்சதும் கை தானாப் போயிடுச்சு.”

“நாலு மணிக்கு?”

அவள் அட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

“நாலு மணிக்கு நான் கிட்டயே போகலை. இது என் எழுத்தில்லை.”

எழுத்து கோணலாக இருந்தது. பல மாதம் பேனாவே பிடிக்காத கை எழுதின மாதிரி.

கட்டிலில் தம்பி இடப்பக்கமாகப் படுத்திருந்தான்.

பெரியவர் அட்டையைப் பிடுங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எரியூட்டல் முடிந்து தன் வீடு திரும்பியதும் அடுப்பில் போட்டு எரித்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் அவர் மகனின் மனைவி, மருமகள், அவருடைய அறை வாசலிலேயே நின்றாள். மூக்கில் முந்தானை.

“உள்ளே எலி ஏதாவது செத்துக் கிடக்கா மாமா?”

அவர் எரிந்து விழுந்தார். அவள் போனதும் தன் மெத்தையைத் தடவிப் பார்த்தார். நடுவில் ஈரம். விரலை முகர்ந்தார்.

அதே இனிப்பு.

விரிப்பை மாற்றினார். விரலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். சாப்பிட்டுவிட்டு, தினமும் போல மல்லாந்து படுத்தார். ஜன்னலில் வெயில். கூடத்துக் கடிகாரம் இரண்டு அடித்தது.

யாரோ அவர் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்தார்கள்.

பழகின கைகள் அல்ல. இப்போதுதான் கற்றுக்கொள்கிற கைகள்.

உடம்பு சுவர்ப் பக்கமாகப் புரண்டது. எழப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டார், காற்றுதான் வந்தது.

சுவரில் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் கோணல் எழுத்து: 2, இடது. பக்கத்தில் மை காயாத கையெழுத்து.

அவருடையது.

முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

நாலு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.