காற்றில்லாக் கூடத்தில் குத்துவிளக்கு

காலை எட்டு மணிக்குச் செண்பகவல்லி மூச்சை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குடியிருப்பில் அவள் பார்த்த வேலை அப்படி. விலாவுக்கடியில் தைத்திருந்த மூச்சுப்பை இரண்டு மணி நேரத்துக்கு அவள் ரத்தத்துக்கு நேரடியாக ஆக்ஸிஜன் ஊட்டும். கூடத்துக்குள் அந்த வாயு துளிகூட இருக்கக் கூடாது.

உள்ளே நானூறு தட்டுகளில் பாக்டீரியாக்கள் ஹீம் செய்துகொண்டிருந்தன. ரத்தத்துக்குச் சிவப்பையும், ஆக்ஸிஜனைச் சுமக்கும் திராணியையும் தருகிற இரும்புக் கரு அது. மனித உடம்பு அதைச் செய்யவே ஆக்ஸிஜன் கேட்கும். இந்தப் பொடிசுகளோ காற்றைக் கண்டறியாதவை. வேறொரு நொதியை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடும். காற்றைச் சுமக்கும் சரக்கைக் காற்றே இல்லாமல் செய்கிற அந்தச் சாமர்த்தியம் அவளுக்குத் தினமும் வியப்புதான். ஒரே சிக்கல், அந்த நொதியைக் காற்று தொட்டால் செத்தது. பாதி விளைந்த சரக்கும் ஊதாச் சிவப்பாக நிறம் மாறி, ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

அவள் கணவன் ஆவுடையப்பனுக்கு எலும்பு மஜ்ஜை கதிர்வீச்சில் கருகிவிட்டது. இந்த ஹீமை வைத்துச் செய்யும் செயற்கை ரத்தம் ஏற்றினால் பிழைப்பான். முதல் ஈட்டுச் சரக்கு விளைய இன்னும் இரண்டே நாள்.

ஆனால் திறப்புவிழா நடக்காத கூடத்துச் சரக்கை ஆஸ்பத்திரி வாங்காது. குடியிருப்பின் தலைவருக்கு நேரம் கிடைக்காமல் விழா மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. நான்காம் முறை, கூடத்து வாசலில் வந்து நின்ற அதிகாரி தர்மராஜன் கையில் குத்துவிளக்கு இருந்தது.

"உள்ள அது எரியாது சார். காத்து இல்ல."

"அதான் அஞ்சு நிமிஷம் காத்தைத் திறந்து விடச் சொல்றேன்."

"எல்லாம் செத்துரும் சார். வாசல்லயே ஏத்திக்கலாமே. இல்லன்னா பல்பு விளக்கு..."

"சுவிட்சைத் தட்டவா தலைவர் இவ்வளவு தூரம் வர்றாரு? நல்ல காரியத்துல போயி செத்துரும் கித்துரும்னு பேசாதீங்கம்மா. விளக்கு இல்லன்னா விழா இல்ல. அடுத்த தேதி ஆறு மாசம் கழிச்சுத்தான்."

டாக்டர் ஆவுடையப்பனுக்குக் கொடுத்திருந்தது இருபது நாள். ஓரத்துத் தட்டுகள் நாலைந்தாவது தப்பிக்காதா என்று ஒரு நப்பாசை. அவளே போய் வால்வைத் திறந்தாள். அந்தக் கையை அவள் பிறகு மன்னிக்கவே இல்லை.

தலைவர் ஐந்து திரியையும் ஏற்றினார். காற்று பரவப் பரவ, வெளிறிக் கிடந்த தட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கூட்டம் மெய்சிலிர்த்துக் கைதட்டியது.

"பாத்தீங்களா, விளக்கு ஏத்தினதும் ரத்தம் ஊறுது!" என்றார் தலைவர்.

"அது ரத்தம் இல்லய்யா, கெட்டுப்போன சரக்கு," என்றாள் செண்பகவல்லி. கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அவள் தோளில் பொன்னாடை விழுந்தது.

ஓரத்துத் தட்டுகூட மிஞ்சவில்லை. புதிதாக விதைத்து விளைய நாற்பது நாள் ஆகும்.

"விழா நல்லா நடந்துச்சா வல்லி?" என்று கட்டிலில் கிடந்த ஆவுடையப்பன் கேட்டான்.

"ரொம்ப நல்லா நடந்துச்சுங்க."

"அப்ப ரத்தம் வந்துரும்."

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

பதினேழாம் நாள் அவன் போனான். அன்றே சுற்றறிக்கை வந்தது: விளக்கேற்றியதும் சரக்கு விரைவில் சிவப்பது கண்கூடாகத் தெரிந்ததால், இனி எல்லாக் கூடங்களிலும் ஒவ்வொரு ஈட்டுக்கும் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அதை நேரில் கொடுக்க வந்த தர்மராஜன், துக்க வீட்டைக் கண்டு உண்மையாகவே கலங்கிப்போனார்.

"என்னம்மா இது, தலைமாட்டுல ஒரு விளக்குகூட இல்லாம?" என்று பதறித் தன் கையாலேயே ஒன்றை ஏற்றி வைத்தார்.

அந்தக் குடியிருப்பில் தலைக்கு இவ்வளவு காற்று என்று அளந்துதான் விடுவார்கள். ஆவுடையப்பன் இழுக்காமல் விட்ட பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, விளக்கு நன்றாக எரிந்தது.