கள்ளிப்பள்ளத்துச் சீட்டு

மூன்றாம் நாளும் இம்தியாஸ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கள்ளிப்பள்ளத்துக்குள் இறங்கினான். அரியலூர்ப் பக்கம் மழை அரித்த களிமண் பள்ளம், முப்பதடி ஆழம். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இருவர்: அருங்காட்சியகத்தில் அவனுடைய மேலதிகாரியான ஜெசிந்தா, வழிகாட்ட வந்த ஆடு மேய்க்கும் பச்சையம்மா.

அருங்காட்சியகத்தில் வண்டிச் சக்கரம்போல் சுருண்ட ஒரு கல் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த அம்மோனைட் என்னும் நத்தைபோன்ற உயிரின் ஓடு. கிடைத்த இடம் ‘கள்ளிப்பள்ளம்’ என்கிறது அதன் சீட்டு. அது கிடந்த மண்ணடுக்கைப் பார்த்தால் அந்தக் கடலின் ஆழத்தைக் கணிக்கலாம்: களிமண் என்றால் ஆழ்கடல், மணல் என்றால் கரையோரம். இம்தியாஸின் நான்கு வருட ஆராய்ச்சி அந்தச் சீட்டை நம்பி நின்றது.

சீட்டை எழுதியவர் ஜெசிந்தா. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், மாணவியாக. குறிப்பேடு மழையில் நனைந்து எழுத்து அழிந்துபோக, திட்டுக்குப் பயந்து ஊகத்தில் எழுதிவிட்டார். கிளம்பும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“மேடம், அந்தக் கல்லுல மணல் ஒட்டியிருக்கு. இங்க வெறும் களிமண்தான். இன்னும் உள்ள தோண்டிப் பாக்குறேன்.”

“போதும், மேல வாங்க இம்தியாஸ்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கச் சுவர் சரிந்தது. இம்தியாஸ் கழுத்துவரை புதைந்தான். பச்சையம்மா கயிற்றைப் பனைமரத்தில் சுற்றிவிட்டு இறங்க, ஜெசிந்தா பின்னாலேயே சறுக்கினார். இருவரும் கையாலேயே மண்ணை வாரினார்கள். நகம் பிய்ந்தது. அரைமணி நேரத்தில் அவன் வெளியே வந்தான்.

“இன்னும் ரெண்டடி போயிருந்தா கெடச்சிருக்கும் மேடம்,” என்று இருமினான்.

ஜெசிந்தாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

இம்தியாஸ் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். பச்சையம்மாதான் கேட்டாள்: “இந்தப் புள்ள செத்திருந்தா, அப்பவும் சொல்லாமத்தான் இருந்திருப்பீங்களா?”

ஜெசிந்தா அவன் சட்டையில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“மணல்ல சுருண்ட கல்லுன்னா நரியோடையில கெடக்கு. விடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள் பச்சையம்மா.

மறுநாள் நரியோடையின் வளைவைப் பார்த்ததுமே ஜெசிந்தாவுக்கு இடம் நினைவு வந்தது. மஞ்சள் மணற்பாறையில், சிப்பிக் குவியலுக்கு நடுவே, அதே சுருள் ஓடுகள் நான்கு பதிந்திருந்தன.

“ஆழ்கடல் இல்ல! கரையோரம், இடுப்பளவு தண்ணி!” இம்தியாஸ் நொண்டிக்கொண்டே ஓடினான். அவன் பச்சையம்மாவைப் பார்த்துத்தான் சிரித்தான்.

அருங்காட்சியகம் திரும்பியதும் ஜெசிந்தா பழைய சீட்டில் கோடு போட்டு, சரியான இடத்தை எழுதினார். அதன் கீழே, ‘முதலில் தவறாக எழுதியது நான்’ என்று கையெழுத்திட்டார்.

“அன்னைக்கு இப்படி ஊகத்துல எழுதினது மொத்தம் எத்தனை மேடம்?”

“பதினேழு.”

இம்தியாஸ் அடுத்த இழுப்பறையைத் திறந்தான். “உக்காருங்க. ஒண்ணொண்ணா பாக்கலாம்.”