நடுவில் படுத்த குளிர்

"அக்கா, அடுப்பு எரியுதா?"

போன குளிர்காலத்தில் கதவுக்கு வெளியே நின்று ஒருவன் ஹேயிங்கிடம் இப்படிக் கேட்டான். ஹைசெங் நகரைப் பிடித்திருந்த ஜப்பானியரிடம் தோற்று, சீனப் படை சிதறி ஓடிவந்த மாலை அது. அவன் பேச்சு தெற்கத்திப் பேச்சு. பற்கள் அடித்துக்கொண்டதில் பாதி வார்த்தை காதில் விழவில்லை.

அவள் கணவன் தெஃபூ தாழ்ப்பாளைப் பிடித்தபடி வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"இல்லைங்க. விறகே இல்லை," என்றாள்.

கூரைக்கு மேல் புகை போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்திருப்பான்.

விடிந்தபோது வாசலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உறைந்திருந்தான். கணவனும் மனைவியும் அவனை அப்படியே ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய்க் கல்லடுக்கி மூடினார்கள். குண்டடி பட்டு அங்கே கிடந்ததாக ஊரில் சொன்னார்கள். செத்த சிப்பாய்க்கும் மரியாதை செய்தவர்கள் என்று ஊரே மெச்சியது. ஹேயிங் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

அன்று முதல், அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் அவர்களின் செங்கல் படுக்கையில், இருவருக்கும் நடுவே ஓரிடம் மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. எத்தனை கட்டை எரித்தாலும் சூடு ஏறவில்லை. நனைந்த பஞ்சின் வாடை வந்தது.

காலையில் மெத்தை அங்கே குழிந்திருக்கும்.

முழங்காலை மடக்கிப் படுத்தவன் அளவுக்கு.

இந்தக் குளிர்காலத்தில் செத்தவனின் அண்ணன் வெள்ளைச் சேவல் ஒன்றைச் சுமந்து, வழி விசாரித்து வந்து சேர்ந்தான். உயிர் போன இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆவி சேவலோடு ஊர் திரும்பும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"பொறந்தப்பவே குளிருதுன்னுதான் அழுதானாம். எங்க அம்மா சொல்லுவா," என்று சிரித்தான். "ஊர்ல எல்லாருக்கும் ஒரு போர்வை. தொரைக்கு மூணு."

தெஃபூ அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். ஹேயிங்கும் பின்னால் போனாள்.

"ஷௌமிங், வீட்டுக்கு வாடா."

மூன்று முறை கூப்பிட்டான். சேவல் அசையவில்லை.

"வந்தா இது சிலிர்க்கும். அவன் இங்கே இல்லைம்மா," என்றான். "அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?"

"சும்மா இருடி. ஊர் துப்பும்," என்று, வாய் திறக்கப்போன ஹேயிங்கின் காதில் தெஃபூ சீறினான்.

ஹேயிங் கல்லைப் பார்த்தபடி சொன்னாள். "இங்க இல்லை அண்ணே. எங்க வாசல்ல. அடுப்பு எரியுதான்னு கேட்டார். இல்லைன்னேன்."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

அவன் சேவலோடு நேராக அவர்கள் வாசலுக்கு வந்து நின்று பெயரைச் சொன்னான்.

சேவல் சிலிர்த்தது.

கையிலிருந்து குதித்தது. அவன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போய், படுக்கையில் ஏறி, நடுவில் கால் மடக்கி உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது.

"அம்மா காத்திருக்காடா. வா."

சேவலுக்குப் பக்கத்தில் கிடந்த போர்வை நகர்ந்தது.

மெல்ல, மெல்ல மேலேறியது. உள்ளிருந்து யாரோ கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல.

அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஹேயிங் அவன் காலடியில் விழுந்தாள். அவன் அவளைத் தாண்டி வெளியே வந்தான். சேவலை எடுக்கவில்லை. குளிர்காற்று உள்ளே போகாதபடி கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டுப் பனியில் இறங்கி நடந்தான்.